சோதனை எங்கே நடக்க வேண்டும்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று ஏறியதால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது என்றார்கள். குரங்கை வைத்து வந்த பகிடிகளுக்குக் கணக்கில்லை, நாங்களும் சிரித்தோம்.

ஆனால் குரங்கு தொடக்கம் மட்டுந்தான். விடுமுறை நாள் என்பதால் அன்று மின்பாவனை குறைவு. நல்ல வெயில் என்பதால் சோலார் உற்பத்தி அதிகம். நிலக்கரி, நீர்மின் நிலையங்களில் சுழலும் பாரிய இயந்திரங்கள் திடீர் அதிர்ச்சியின்போது மீடிறனைச் சற்றுத் தாங்கிப் பிடிக்கும். சோலாருக்கு அந்தச் சுழலும் பாரம் இல்லை. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அதே ஆண்டு ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணிவரை கூரை சோலார்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. வெயில் இருந்தும் பயன் இல்லை!

இப்போது யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் பாருங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்த இடங்கள். அங்கு காற்றாலை, சோலார், மின்கலத் தொகுதி, டீசல் ஆகிய நான்கையும் சேர்த்து இயக்கும் கலப்பு மின்திட்டம் 2021 இல் சீன நிறுவனமொன்றுக்குக் கிடைத்தது. இந்தியா ஆட்சேபித்தது, அது நின்றது. பின்னர் 1.1 கோடி அமெரிக்க டொலர் இந்திய நன்கொடையில், 2024 மார்ச்சில் பெங்களூரு நிறுவனமொன்றுடன் ஒப்பந்தமாயிற்று. நான் வாசித்த செய்திகள் எல்லாம் "எந்த நாடு?" என்றே கேட்டன. நான்கையும் ஒருங்கே ஆட்டுவிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியை யார், எங்கே சோதிப்பது என்று கேட்டதை நான் காணவில்லை.

அதைச் சோதிக்க ஓர் அழகான வழி உண்டு. உண்மையான கட்டுப்பாட்டுக் கருவியை ஆய்வுகூடத்தில் ஒரு கணினியுடன் இணைப்பார்கள். அந்தக் கணினி மின்நிலையம்போல நடிக்கும். முகில் மறைக்கும், காற்று நிற்கும், கம்பி அறும், மின்கலம் வடியும். எல்லாம் திரையில்தான். ஆனால் கருவி அதை நிஜமென்றே நம்பித் தீர்மானம் எடுக்கும். தவறினால் ஒரு வீட்டிலும் விளக்கு அணையாது. மென்பொருளைத் திருத்தி மறுபடி ஓட்டலாம். அமெரிக்கா, ஐரோப்பாவின் ஆய்வுகூடங்களில் இது வழக்கமான வேலை.

தயாரிப்பாளர்களே தொழிற்சாலையில் சோதித்துத்தானே அனுப்புகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். சரிதான். ஆனால் அந்தச் சோதனைக்கு எங்கள் வாடைக்காற்று தெரியுமா? மாலையில் எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் விளக்கேற்றுவதும், பழைய டீசல் இயந்திரம் பிடிப்பதற்குத் தயங்குவதும் தெரியுமா? அளவீடுகள் இங்கிருந்து போக வேண்டும். பழுது வந்தால் பெங்களூரிலிருந்து பொறியியலாளர் வந்து, குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு போகும்வரை மக்கள் காத்திருப்பதா?

ஆகவே வெளிநாட்டு உதவியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெனலோடு அறிவும் இறங்க வேண்டும் என்கிறேன். இனி வரும் ஒப்பந்தங்களில் கட்டுப்பாட்டு மென்பொருளின் விபரங்களும், சோதனை முடிவுகளும், பயிற்சியும் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுக்கு உரியவையாக எழுதப்பட வேண்டும். கிளிநொச்சியில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. ஒலுவிலில் நமது தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது.

கல்முனையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஒலுவில். காற்றாலைக் கோபுரத்தில் ஏறப் பிள்ளையை விடமாட்டேன் என்று சொல்லும் வாப்பாமார்கூட, ஆய்வுகூடத்துக் கணினியின் முன் உட்கார்ந்து ஒரு தீவின் மின்சாரத்தைச் சோதிக்கும் தொழிலுக்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள். கணிதப் பிரிவில் படிக்கும் எங்கள் வகுப்பில் அதற்கு ஆளில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.