'மேலிடத்து உத்தரவு... நான் என்ன பண்ண முடியும்?' - ஸ்டார் ட்ரெக் சொல்லும் பதில்!

'பாஸ் சொன்னார், செய்தேன்.' தப்பு நடந்த பிறகு எல்லா அலுவலகத்திலும் கேட்கிற வசனம் இது. இந்த வசனம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1994 ஜனவரியில் ஒளிபரப்பான ஓர் அறிவியல் புனைவு எபிசோடு அலசியது. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் 7-வது சீசனில் வந்த 'தி பெகாசஸ்'. எழுதியவர் ரொனால்ட் டி. மூர். (ஸ்பாய்லர் உண்டு!)

என்ன கதை?

கதைப்படி, கூட்டமைப்புக்கும் ரோமுலன்களுக்கும் இடையே ஓர் அமைதி ஒப்பந்தம். எதிரியின் கண்ணில் படாமல் கப்பலை மறைக்கும் கருவியைக் கூட்டமைப்பு உருவாக்கவே கூடாது என்பது அதன் முக்கிய நிபந்தனை. ஆனால், 'பெகாசஸ்' கப்பலின் கேப்டன் பிரஸ்மன் அதை ரகசியமாகச் சோதிக்கிறார். கப்பலையே ஆபத்தில் தள்ளுகிறார் என்று ஊழியர்கள் அவரை எதிர்த்துக் கிளம்புகிறார்கள். பயிற்சி முடித்து 7 மாதமே ஆன இளம் அதிகாரி ரைக்கர், கேப்டன் பக்கம் நின்று துப்பாக்கி எடுக்கிறார். இருவரும் இன்னும் சிலரோடு தப்பிக்கிறார்கள். எதிர்த்தவர்கள் கப்பலோடு போய்விடுகிறார்கள்.

12 ஆண்டுகள் கழித்து, பிரஸ்மன் இப்போது அட்மிரல். அந்தக் கருவியை மீட்க வருகிறார். ரைக்கரோ, எண்டர்பிரைஸ் கப்பலில் கேப்டன் பிக்கார்டின் வலது கை. 'பிக்கார்டிடம் வாயைத் திறக்காதே' என்பது அட்மிரலின் உத்தரவு. 'உண்மையைச் சொல்' என்கிறார் பிக்கார்ட். ரைக்கர் யாருக்குக் கீழ்ப்படிவது?

இரண்டு பாஸ்கள்

எபிசோடின் உயிர், ஒரு சின்ன உரையாடலில் இருக்கிறது. ரைக்கரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று அட்மிரலிடம் விளக்குகிறார் பிக்கார்ட். முன்பு வேறொரு கப்பலில், ஆபத்தான இடத்துக்குத் தன் கேப்டனைப் போகவிடாமல் நேரடி உத்தரவையே மறுத்தவர் ரைக்கர். அதைப் படித்ததும் 'இவர்தான் வேண்டும்' என்று முடிவுசெய்தாராம். பிரஸ்மனுக்கு இது புரியவே இல்லை. அவரைப் பொறுத்தவரை, சொன்னதைச் செய்பவரே நல்ல அதிகாரி.

ஒருவருக்குத் தேவை தன்னிடமே 'வேண்டாம் சார்' என்று சொல்லும் ஆள். இன்னொருவருக்குத் தேவை தலையாட்டும் ஆள். கடமை என்பது கப்பலுக்கா, கேப்டனுக்கா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

'ஆளாளுக்கு உத்தரவை எடைபோட்டால் ராணுவம் நடக்குமா?' நியாயமான கேள்விதான். ஆனால், நிஜ உலகமும் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. நாஜிகள் மீதான நியூரம்பெர்க் விசாரணையை அடிப்படையாகக் கொண்டு 1950-ல் ஐ.நா-வின் சர்வதேச சட்ட ஆணையம் வகுத்த கோட்பாடுகளில் நான்காவது, மறுக்கும் வாய்ப்பு உண்மையிலேயே இருந்திருந்தால், 'மேலிடத்து உத்தரவு' என்பது போர்க்குற்றப் பொறுப்பிலிருந்து ஒருவரை விடுவிக்காது என்கிறது.

எபிசோடு தொடாமல் விட்டது

கடைசியில் ரைக்கர் உண்மையை எல்லோர் முன்னாலும் உடைக்கிறார். பிரஸ்மன் கைதாகிறார். தன்னையும் சிறையில் அடைக்கச் சொல்கிறார் ரைக்கர். நேரம் வந்தபோது உண்மை பேசினாய் என்று அவரை வேலைக்குத் திரும்ப அழைக்கிறார் பிக்கார்ட். பார்ப்பவருக்கும் நிம்மதி.

ஆனால், அந்த நிம்மதி கொஞ்சம் மலிவானது. அனுபவமே இல்லாத வயதில், கண்ணெதிரே கலகம் வெடிக்கும்போது கேப்டன் பக்கம் நின்றதை மன்னிக்கலாம். யோசிக்க அவகாசம் ஏது? அதற்குப் பிறகான 12 ஆண்டுகள்? அப்போது யாரும் அவர் மீது துப்பாக்கி நீட்டவில்லை. மேல் விசாரணை வேண்டும் என்ற அறிக்கை மேலிடத்தில் அமுக்கப்பட்டது. ரைக்கர் பேசவில்லை, பதவி மட்டும் உயர்ந்துகொண்டே வந்தது.

சரியான நேரத்தில் மறுத்தவர்கள் பெகாசஸ் ஊழியர்கள்தான். அவர்கள் செய்ததே சரி என்று ரைக்கரே பின்னால் ஒப்புக்கொள்கிறார். ஆனால், அவர்களுக்குக் கிடைத்தது கலகக்காரர்கள் என்ற பெயரும் மரணமும். தாமதமாகப் பேசியவருக்கு மன்னிப்பு. முன்கூட்டியே பேசியவர்களுக்கு ஒரு அஞ்சலிகூட இல்லை.

நிறுவனங்களிலும் இதுதானே நடக்கிறது? முதலில் கை தூக்குபவர் 'பிரச்னை பண்ற ஆள்'. அவர் போன பிறகு உண்மை சொல்பவர் 'நேர்மையானவர்'. அடுத்த முறை மீட்டிங்கில் யாராவது 'சார், இது தப்பு' என்றால், அந்த நிமிஷமே அவர் பக்கம் நிற்பதுதான் கடமை. 12 வருஷம் கழித்து நிற்பதில் அவருக்கு எந்தப் பயனும் இல்லை.