467 கிணறுகள்

திண்டுக்கல் என்றதும் நேயர்களுக்கு மலைக்கோட்டையும், பூட்டும், சுருட்டும், சிறுமலை வாழைப்பழமும் நினைவுக்கு வரும். தோல் பதனிடும் தொழிலும் அவ்வூரில் உண்டு. ஆனால் அதைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் குறைவு. அத்தொழிலை முன்னிட்டு, அந்தப் பிரதேசத்துக் கிராமக் கிணறுகள் சில நம் தேசத்துச் சட்ட நூலில் இடம் பெற்ற விருத்தாந்தத்தையே இவ்வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

வேலூரில் பிரஜைகள் நலச் சங்கம் ஒன்று, பாலாற்றங்கரைத் தோல் சாலைகளின் கழிவு ஜலத்தைக் குறித்து 1991-இல் ஸுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி நீதிபதி குல்தீப் ஸிங்கும் அவருடைய சகாக்கள் இருவரும் தீர்ப்பளித்தார்கள். அத்தீர்ப்பில் ஓர் எண்ணிக்கை காணப்படுகிறது. 'பீஸ் மெம்பர்ஸ்' என்னும் சர்க்கார் சார்பற்ற ஸ்தாபனம், திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் யூனியன்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் குடிப்பதற்கும் பாசனத்துக்கும் உதவிய 467 கிணறுகளைக் கணக்கெடுத்தது. அவற்றில் 350 கெட்டுப் போயிருந்தன. நான்கில் மூன்று! (தீர்ப்பில் ரெட்டியார்சத்திரம் 'பெட்டியார் சத்திரம்' என்று அச்சாகியிருக்கிறது. டில்லிக்குப் போய்ச் சேருவதற்குள் ஊரின் பெயர் தேய்ந்தாலும், கிணறுகளின் கணக்காவது தேயாமல் போய்ச் சேர்ந்ததே என்று நாம் திருப்தி அடைகிறோம்.)

ஜல மாசுத் தடைச் சட்டம் 1974-லேயே பிறந்துவிட்டது. அதை நடத்தி வைக்க வாரியமும் உண்டு, அதிகாரிகளும் உண்டு. ஆயினும் கிணற்று ஜலம் உப்புக் கரிக்கத் தொடங்கியதை முதலில் அறிந்தவர்கள் யார்? குடமெடுத்துச் சென்ற பெண்மணிகளும், பயிர் கருகக் கண்ட குடியானவனுமே. அவர்கள் தம் அண்டை வீட்டாரிடம் சொன்னார்கள். அண்டை வீட்டார் அடுத்த கிராமத்தாரிடம் சொன்னார்கள். திண்ணைப் பேச்சுக்குக் கோர்ட்டில் மதிப்பில்லை. யாரோ சிலர் கிராமம் கிராமமாய்ச் சென்று எண்ணி எழுதிய பிறகே அது சாட்சியமாயிற்று. சட்ட உதவி வாரியம் வேண்டிக்கொண்டதன் பேரில் இரு வக்கீல்கள் நேரில் சென்று பார்த்து வந்ததும் இந்த வகையில் பெரிய உதவியே.

தோல் வியாபாரம் தேசத்துக்கு அந்நியச் செலாவணி தேடித் தரும் தொழில் என்பதை நாம் மறுக்கவில்லை. நம் காலில் உள்ள செருப்பும் எங்கேயோ பதனிட்ட தோல்தானே! கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் ஊரார் குடிக்கும் ஜலத்தைக் கெடுத்துப் பொருளீட்ட எவருக்கும் பாத்தியதை இல்லையென்று தீர்த்துச் சொல்லிற்று. கெடுத்தவனே நஷ்டஈடு கொடுக்க வேண்டும். தீங்கில்லை என்று நிரூபிக்கும் பாரமும் தொழில் நடத்துகிறவனையே சாரும். இக்கொள்கைகள் நம் நாட்டுச் சட்டத்தின் அங்கமே என்று இத்தீர்ப்பு சொல்லிற்று. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து ஜில்லாக்களின் தோல் சாலை ஒவ்வொன்றுக்கும் ரூ. 10,000 அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் சொற்பந்தான். அவ்வருஷம் நவம்பர் 30-ந் தேதிக்குள் கழிவைச் சுத்தி செய்யும் சாதனம் அமைத்தாக வேண்டும் என்ற உத்தரவே கனமானது.

இங்கே ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. குரோமியத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரும்பாலும் படிய வைத்துவிடலாம். பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தடவும் உப்போ, ஊற வைத்த ஜலத்தோடு கரைந்து போய்விடுகிறது. அதைப் பிரிப்பது மிகுந்த செலவு பிடிக்கும் காரியம். நிலத்தடியில் ஒருமுறை இறங்கிய உப்பு, தீர்ப்பு எழுதினதும் எழுந்து போய்விடுவதில்லை.

ஆகையால் நாம் விரும்புவது மற்றொரு கணக்கு. அப்பதின்மூன்று கிராமங்களிலும் உள்ள நேயர்கள், தத்தம் வீட்டுக் கிணற்று ஜலம் இப்போது பருப்பு வேக உதவுகிறதா, கன்றுகாலி வாய் வைக்கிறதா என்று ஒரு கார்டில் எழுதியனுப்பினால், வந்த வரிசையில் இப்பகுதியிலேயே வெளியிடுவோம். ஊர்ப் பெயரை மாத்திரம் திருத்தமாக எழுதுமாறு வேண்டுகிறோம்.