நெல் வயல் சேற்றில் வாழும் கிருமி: மெலியாய்டோசிஸ் ஏன் வழக்கமான ஊசிக்குக் கட்டுப்படுவதில்லை?

2025 செப்டம்பரில் ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில் உள்ள துரகபாலெம் கிராமம் செய்தியில் அடிபட்டது. அங்கே அடுத்தடுத்து நடந்த மரணங்களுக்கு மெலியாய்டோசிஸ் என்ற தொற்று காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்து, மாநில அரசு விசாரணையில் இறங்கியது. பெயர் வாயில் நுழையவில்லை என்று ஸ்க்ரோல் செய்துவிட வேண்டாம். அப்பாவோ பெரியப்பாவோ இன்னும் வயலில் இறங்குகிறார், கூடவே சுகரும் இருக்கிறது என்றால் இது உங்கள் வீட்டுச் சங்கதி.

பர்கோல்டேரியா சூடோமாலை என்ற இந்த பாக்டீரியா ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. காலில் ஒரு சின்ன சிராய்ப்பு போதும், உள்ளே போய்விடும். பலத்த மழைக்காற்றில் மூச்சு வழியாகவும் போகலாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவது மிக அபூர்வம். நோயாளிகள் அதிகம் வருவது மழைக்காலத்தில்தான். ஐப்பசி, கார்த்திகையில் வலங்கைமான் பக்கம் சம்பா, தாளடி வயல்களில் செருப்பில்லாமல் சேற்றில் நிற்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, அளவுமீறிய குடி உள்ளவர்களைத்தான் இது சாய்க்கிறது. வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவருகிறார்கள்.

புது நோயும் இல்லை. 1912-இல் ரங்கூன் மருத்துவமனையிலிருந்து ஆல்ஃபிரட் விட்மோர், சி.எஸ்.கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் இதை முதன்முதலில் விவரித்தார்கள். ‘விட்மோர் நோய்’ என்ற பெயர் நிலைத்தது. கிருஷ்ணசாமி, வழக்கம்போல, காணாமல் போனார்.

பிறவியிலேயே எதிர்ப்பு

ஆன்டிபயாடிக் எதிர்ப்பு என்றதும் நமக்கு நினைவு வருவது, கண்டபடி மருந்து கொடுத்துக் கொடுத்துப் பழகிப்போன கிருமிகள். ஐசியூக்களை மிரட்டும் கிளெப்சியெல்லா அந்த ரகம். மெலியாய்டோசிஸ் கிருமியோ பென்சிலின், ஆம்பிசிலின், ஜென்டாமைசினுக்கெல்லாம் பொதுவாக இயல்பிலேயே கட்டுப்படாது. ‘கடைசி ஆயுதம்’ என்று சொல்லப்படும் கொலிஸ்டின்கூட பலிக்காது. அதனால், காய்ச்சல் குறையவில்லை என்று ஒவ்வொரு படியாக ‘பவர்’ ஏற்றிக்கொண்டே போவது இங்கே எடுபடாது. இதற்குக் கேட்பவை செஃப்டாசிடிம், மெரோபெனம் போன்ற சில மருந்துகள். குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசி, பிறகு கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம்.

சரியான மருந்தால் என்ன வித்தியாசம்? தாய்லாந்தின் நெல் பூமியான உபோன் ராட்சதானியில் நடந்த ஆய்வு 1989-இல் லான்செட் இதழில் வந்தது. பழைய மருந்துகள் பெற்ற தீவிர நோயாளிகளில் 74% பேர் இறந்தார்கள். செஃப்டாசிடிம் பெற்றவர்களில் 37%. பாதி.

சிக்கலே, கிருமி இன்னதென்று கண்டுபிடிப்பதில்தான். நுரையீரலைத் தாக்கினால் எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே தெரியும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி வரும். கல்ச்சரில் வளர்ந்தாலும், ‘சூடோமோனாஸ்’ என்றோ வெளியிலிருந்து கலந்த கிருமி என்றோ லேப் ஒதுக்கிவிடுவதுண்டு. கவனமான மைக்ரோபயாலஜிஸ்ட்டுக்கு ஒரு துப்பு உண்டு: ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் மசியாத கிருமி, சாதாரண கோ-அமாக்ஸிக்ளாவுக்கு மசிந்தால், சந்தேகப்பட வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொரு நிலைமை. நோயின் பெயர் தெரியாமலேயே மெரோபெனம் போடுகிறார்கள், சில நாளில் காய்ச்சல் இறங்குகிறது, ‘சரியாயிடுச்சு’ என்று டிஸ்சார்ஜ். மூன்று மாத மாத்திரை எழுத யாருக்கும் தோன்றாது; நோயின் பெயரே சீட்டில் இல்லையே! பதுங்கிய கிருமி மாதங்கள் கழித்துத் திரும்ப வரலாம். அந்த மாத்திரையோ விலை மலிவானது.

ஊரிலிருந்து ஃபோன் வந்தால்

கும்பகோணம் ஜி.எச்.சோ, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜோ, எங்கே சேர்த்தாலும் ‘வயல் வேலை செய்றவர், சுகர் இருக்கு’ என்று முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். ‘பிளட் கல்ச்சர் எடுத்தாச்சா?’ என்று கேட்கச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். அதே சமயம், நிலைமை மோசமாக இருப்பவருக்கு இதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தம் எடுக்கச் சில நிமிடம்தான் ஆகும். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள், சில சமயம் கூடுதலாகவும் ஆகலாம். அதற்குள் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டால் ரிசல்ட் பழைய லேபிலேயே கிடக்கும். ஃபோன் போட்டு அதை வாங்கி, புது டாக்டருக்கு அனுப்ப வேண்டியவர் பெரும்பாலும் நீங்கள்தான்.