எச்சரிக்கை மணியும் எல்லைக்கோடும்

இராமேசுவரம் விசைப்படகுகள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடும் ஒவ்வொரு முறையும் நம் படித்த வர்க்கம் இரண்டே விளக்கங்களைக் கைவசம் வைத்திருக்கிறது. ஒன்று அறியாமை, மற்றொன்று பேராசை. இரண்டுமே பழியை மீனவர் தலையில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இரண்டையும் நாம் மறுக்கிறோம். மறுப்பதற்கான கருவியைச் சற்றும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து, பயனர் அனுபவ வடிவமைப்பு எனும் துறையிலிருந்து, எடுத்துக்கொள்கிறோம்.

அத்துறையின் மூத்தவர் டொனால்டு நார்மன். 1935இல் பிறந்த அமெரிக்கர். மின்பொறியியல் பயின்று உளவியலுக்கு வந்தவர். 1979இல் திரீ மைல் ஐலண்டு அணு உலையில் விபத்து நேர்ந்தபோது பழி முதலில் இயக்குநர்கள் மீதே விழுந்தது. ஆராய அழைக்கப்பட்டவர்களில் ஒருவரான நார்மன், கட்டுப்பாட்டு அறையின் அமைப்பே தவறுகளை வரவழைத்தது என்று கண்டார். அன்றாடப் பொருட்களின் உளவியல் குறித்து 1988இல் அவர் எழுதிய நூலும், 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்து ‘பயனர் அனுபவம்’ என்ற தொடரைத் தம் பதவிப் பெயரிலேயே ஏற்றியதும் இதே பார்வையின் தொடர்ச்சிதான். பலரும் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்வார்களாயின், ஆளைத் திட்டாமல் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

பார்ப்போம். பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தம் ஒரு கோட்டை வரைந்தது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு தொழில் செய்யலாகாது என்கிறது 1983ஆம் ஆண்டின் தமிழகச் சட்டம். இரண்டுக்கும் நடுவே எஞ்சுவது இழுவைமடியால் ஏற்கெனவே வாரித் துடைக்கப்பட்ட ஒரு கீற்றுக் கடல். அந்த மடியை மானியம் தந்து பரப்பியதும் அரசுதான்.

இதற்கு நம் வடிவமைப்பாளர்களின் விடை என்ன? எல்லையை நெருங்கினால் ஒலிக்கும் மணி. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007இல் தொடங்கிய ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலி காற்றையும் அலையையும் முன்னறிவிக்கிறது. அதற்காக அதை மதிக்கிறோம். ஆனால் எல்லை மணி, யாரும் கேட்காத கேள்விக்கான பதில். கோடு எங்கிருக்கிறது என்பது ஜி.பி.எஸ். வைத்திருக்கும் ஓட்டுநருக்குத் தெரியும். மீன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் தெரியும்.

2017இல் அறிவிக்கப்பட்ட ஆழ்கடல் திட்டமும் அவ்வாறே. 80 லட்சம் ரூபாய்ப் படகு. அதில் பெரும்பகுதி மானியம், மீதி வங்கிக் கடனும் கைக்காசும். ஒரு நாளில் போய்த் திரும்பிப் பழகியவரை வாரக்கணக்கில் சூரை மீன் தேடிப் போகச் சொன்னது அது. கேட்டுச் செய்யப்படாத வடிவம் கரையிலேயே தரைதட்டியதில் வியப்பென்ன?

‘அப்படியானால் அவர்கள் எல்லை தாண்டுவது நியாயமா?’ என்று கேட்கலாம். இல்லை. அந்த மடி மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் போரிலிருந்து மீண்டுவந்த தமிழ் மீனவர்களின் வலைகளை அறுக்கிறது. இலங்கை 2017இல் இழுவைமடியைத் தடை செய்தது. இங்கேதான் ‘பயனர்’ என்ற சொல்லே போதாமல் போகிறது. அக்கரை மீனவர் நம் செயலியின் பயனர் அல்லர், நம் திட்டத்தின் பயனாளியும் அல்லர். ஆனால் விளைவைச் சுமப்பவர் அவர். நார்மனே 2023இல் வெளியிட்ட நூலில் பயனரைத் தாண்டி, மனிதகுலம் முழுவதையும் மையமாக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஆகவே நாம் கேட்பது இன்னொரு மணியை அல்ல. மடியை மாற்றும் வழியை, பாம்பன்காரரும் பேசாலைக்காரரும் ஒரே பாயில் அமர்ந்து வரையட்டும். அதிகாரிகளும் வடிவமைப்பாளர்களும் அருகிலிருந்து குறிப்பெடுக்கட்டும்.