கையெழுத்துக்கு முன் ஒரு கலந்தாய்வு

அண்ணாகிராமத்துக்குக் கடல் இல்லை. ஆனாலும் பக்கத்துப் பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பாருங்கள். ஓட்டு எண்ணெய் பட்டுக் கருத்துப்போன அந்த விரல்களில் உடைபடும் கொட்டைகளில் ஒரு பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. டெல்லி அயல்நாட்டோடு பேசும் பேச்சு அந்தக் கொட்டகை வரை வருகிறது. ராமேஸ்வரம், நாகை மீனவருக்கு அது படகையே மறிக்கிறது.

இலங்கையோடு போட்ட ஒப்பந்தத்தால் அந்நாட்டு வசமான கச்சத்தீவைப் பற்றிய பேச்சில் டெல்லி, தமிழ்நாடு இரு பக்கமும் நியாயம் உண்டு. வெளியுறவை ஏழாவது அட்டவணை மத்தியப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டமியற்றும் அதிகாரத்தை 253-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. மாநிலத்துக்கொரு வெளியுறவு வைத்துக்கொள்ள முடியாதுதான். ஆனால் இந்திய நிலத்தைப் பிற நாட்டுக்குக் கொடுக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்று பெருபாரி விவகாரத்தில் 1960-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லைத் தகராறைத் தீர்ப்பதற்கு அது வேண்டியதில்லை என்று 1969-இல் கட்ச் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது.

ஏறத்தாழ 285 ஏக்கர் கச்சத்தீவு இவற்றில் எதில் அடங்கும்? ராமநாதபுரம் ஜமீன் சொத்து, ஆகவே நம் நிலம் என்கிறது தமிழ்நாடு. தகராறில் இருந்த தீவு, எதையும் கொடுக்கவில்லை என்றது மத்திய அரசு. ஜெயலலிதா 2008-இல் உச்ச நீதிமன்றம் போனதும் இந்தக் கேள்வியோடுதான்.

இதற்குள் பாக் நீரிணையின் மறுகரையை நாம் மறந்துவிடுகிறோம். இழுவைமடியால் தங்கள் வலையும் மீன்வளமும் போயின என்று வடஇலங்கைத் தமிழ் மீனவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டே தடுத்தது. தீவு யாருடையது என்று தீர்ந்தாலும் மடித் தகராறு தீராது என்பதே என் கணிப்பு.

வழி இல்லாமல் இல்லை. வங்கதேச எல்லை நிலப் பரிமாற்றத்தில் மேற்கு வங்க அரசின் இசைவும் சேர்ந்தபின் 2015-இல் நூறாவது திருத்தம் நிறைவேறியது. மாநிலத்தைக் கேட்பதை 253-ஆவது பிரிவு எங்கும் தடுக்கவில்லை. கையெழுத்துக்கு முன் மாநில அரசையும், அந்தத் தொழிலில் உள்ளவர்களையும் கேட்பது வழக்கமாகட்டும். அதுபோலச் சென்னையும் கடைசி முடிவு டெல்லியுடையது என்று ஏற்கட்டும். நம் கடலூர் மக்களவை உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, மீனுக்கும் முந்திரிக்கும் சேர்த்தே இதைக் கேட்போம்.