மஞ்சள் பனியன்காரனின் கட்சி

2025-ஆம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, செலியமேட்டில் ஒரு டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து நானும் என் நண்பர் ஒருவரும் சண்டை போட்டுக்கொண்டோம். சண்டைக்குக் காரணம் மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டிருந்த ஒரு பையன். டிராக்டர் ஓட்டுகிறவன். அகமதாபாத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் குஜராத் டைட்டன்ஸை 83 ரன் வித்தியாசத்தில் ஜெயித்த அந்த நிமிஷம், கடையில் இருந்த எல்லோருக்கும் தன் கணக்கில் டீ சொல்லிவிட்டு, "அடுத்த வருஷம் கப்பு நமக்குத்தான் சார்!" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

நண்பர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கணக்கில் புலி. ஓசி டீயைக் குடித்துக்கொண்டே ஆரம்பித்தார்: "பத்து டீமில் பத்தாவது இடம். பதினாலு ஆட்டத்தில் பத்துத் தோல்வி. கடைசி ஆட்டத்தில் ஜெயித்து யாருக்கு என்ன லாபம்? இந்த ஜனங்களுக்குப் புத்தியே வராது, ஐயா. தேர்தலிலும் இவர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்."

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் ஒப்புக்கொள்ள மறுக்கிறேன். விசிறியின் நம்பிக்கையை அறியாமை என்று சொல்லிவிடுவது படித்தவர்களுக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள். சேப்பாக்கத்தில் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்ற கதையை அவன் ஒப்பாரி மாதிரி வரிசையாகச் சொல்லுவான். 2008-க்குப் பிறகு முதல் தடவையாக பெங்களூர்க்காரர்கள் அங்கே வந்து 50 ரன்னில் ஜெயித்துப் போனது, கல்கத்தாவோடு இருபது ஓவரும் ஆடி 103 ரன்னில் நின்றது, கேப்டன் கெய்க்வாட் முழங்கை அடிபட்டு விலகியது, ஏலத்தில் யாரை எடுத்திருக்க வேண்டும், யாரை விட்டிருக்க வேண்டும் என்பது எல்லாம் அவனுக்குத் தெரியும். தன் கட்சியை இரண்டு மாதமும் வாய் ஓயாமல் திட்டினவன் அவன். தோல்வியை அவனைவிட நன்றாக அறிந்தவன் யார்? பத்திரிகையில் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு வந்த என் நண்பரா?

அரசியலோடு இதை முடிச்சுப் போடுவதும் அபத்தம். தலைவர் தோற்றால் தொண்டனிடம் ஆயிரம் சமாதானம் சொல்லலாம்; சதி என்று சொல்லலாம். கிரிக்கெட்டில் ஸ்கோர் பலகை எல்லோர் கண் முன்னாலும் எரிந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அந்தப் பையன் நம்புகிறான். காரணமில்லாமலும் இல்லை. 2020-ல் முதல் தடவையாக அரையிறுதிச் சுற்றுப் பக்கமே எட்டிப் பார்க்காமல் திரும்பியவர்கள் 2021-ல் கோப்பையோடு வந்தார்கள். 2022-ல் ஒன்பதாவது இடம். 2023-ல் இதே அகமதாபாத்தில், நள்ளிரவு தாண்டி, கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஐந்தாவது கோப்பை. சூதாட்ட விவகாரத்தில் இரண்டு வருஷம் தடை. 2018-ல் திரும்பி வந்த வருஷமே வெற்றி. என் நண்பருடைய கணக்குப் புலமைக்கு இந்த எண்கள் ஏன் அகப்படவில்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

விசிறிகள் எல்லோரையும் நான் தலையில் வைத்துக் கூத்தாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தோனி மட்டையோடு வரவேண்டும் என்பதற்காக, தன் பக்கத்து ஆட்டக்காரன் அவுட்டானால் கைதட்டுகிற ஒரு கூட்டம் உண்டு. அது பக்தி, விசுவாசம் அல்ல. அந்தக் கூட்டத்தைத் திட்டுவதற்கு என் நண்பர் வந்தால் நானும் கூட வருகிறேன்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். நியூயார்க்கின் புரூக்ளின் பேட்டையில் டாட்ஜர்ஸ் என்று ஒரு கட்சி இருந்தது. 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஐந்து தடவையும் இறுதிப் போட்டியில் அதே ஊர் யாங்கீஸிடம் தோற்றார்கள். ஒவ்வொரு தடவையும் 'அடுத்த வருஷம் பார்' என்பதே புரூக்ளின்காரன் பேச்சு. ஊரெல்லாம் சிரித்தது. 1955-ல் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் என் மனத்தை உறுத்துகிறது. 1957 சீசன் முடிந்ததும் முதலாளி கட்சியைக் கட்டித் தூக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டார். பழைய மைதானத்தை 1960-ல் இடித்தார்கள். அத்தனை வருஷம் காத்திருந்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகவே கோபப்பட வேண்டுமானால் அங்கே படுங்கள். பனியனும் டிக்கெட்டும் விற்றுக் காசு பார்க்கிறவர்கள் ஊரை மதிக்கிறார்களா என்று கேளுங்கள். டீ வாங்கிக் கொடுக்கிற பையனிடம் என்ன வீராப்பு? 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர் பக்கத்து வயல்களெல்லாம் முழுகிப்போனபோது, தண்ணீர் வடிந்ததும் சேற்றில் முதலில் டிராக்டரை இறக்கினவர்களில் அவனும் ஒருவன். அதற்கு மட்டும் நண்பர் அன்றைக்கு 'உழைப்பாளி' என்று பட்டம் கொடுத்தார்.

இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. வருஷா வருஷம் ஜனவரியில் புது டைரி வாங்கி, பிப்ரவரியில் எழுதுவதை நிறுத்திவிடுகிறவர் என் நண்பர். அதைச் சுட்டிக் காட்டியதில் அவருக்கு மனவருத்தம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பையனைக் கூப்பிட்டு, "முதலில் இறங்கி 17 பந்தில் 34 அடித்தானே, அவன் யாரப்பா?" என்று கேட்டார்.

"ஆயுஷ் மாத்ரே சார். பதினேழு வயசுதான் ஆகுது" என்றான் பையன், பெஞ்சியில் இடம் ஒதுக்கிக்கொண்டே.