நீல வெளிச்சத்துக்கு வந்த சோதனை!

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் சன்னலுக்கு மேலே வண்ணக் கண்ணாடி பதித்திருப்பார்கள். சிவப்பு, பச்சை, நீலம். தாத்தா காலத்துக் கண்ணாடி. அந்த நீலம் இன்னும் மங்கவில்லை.

விலை உயர்ந்த செல்போன்களில் இருக்கும் "ஓலெட்" திரையிலும் இதே மூன்று நிறங்கள்தான். ஆனால் அங்கே முதலில் தளர்ந்து போவது நீலம்! உலகத்துப் பெரிய கம்பெனிகள் எல்லாம் இந்த நீலத்தோடு மல்லுக்கட்டி நிற்கின்றன.

தானே ஒளிரும் பூச்சு

இந்தத் திரையில் லட்சக்கணக்கான புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியிலும் கரி சேர்ந்த ரசாயனப் பூச்சு இருக்கிறது. தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய பூச்சு. மின்சாரம் பாய்ந்தால் அதுவே ஒளிவிடும். பின்னால் விளக்கு வேண்டாம்.

1987-ல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியைச் சேர்ந்த டாங், வான் ஸ்லைக் என்ற இருவர் இதைச் செய்து காட்டினார்கள்.

நாலணாவில் மூன்றணா வீண்

பழைய வகைப் பொருளில் ஒரு தொல்லை. உள்ளே போகும் சக்தியில் நான்கில் ஒரு பங்குதான் வெளிச்சமாகும். மூன்று பங்கு சூடாகி வீணாகும். 1998-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கனமான உலோகத்தைச் சேர்த்து இந்த நஷ்டத்தைத் தடுத்தார்கள். சிவப்பும் பச்சையும் பிழைத்துக்கொண்டன. நீலம் மட்டும் வழிக்கு வரவில்லை.

ஏன்? சிவப்பு ஒளியைவிட நீல ஒளிக்குச் சக்தி சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகம். அந்தச் சக்தி, ஒளி தரும் பொருளின் கட்டையே அறுத்துவிடுகிறது. பானையில் பொங்கும் பால் அடுப்பையே அணைப்பது போல!

ஆகவே செல்போன்களில் இன்னமும் பழைய வகை நீலமே ஓடுகிறது. பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

2012-ல் ஜப்பானில் கியூஷு பல்கலைக்கழகத்து அடாச்சி, உலோகமே இல்லாத வேறு வழி காட்டினார். 2025 மே மாதம் தென் கொரியாவின் எல்.ஜி. டிஸ்பிளே கம்பெனி ஒரு செய்தி வெளியிட்டது. கீழே பழைய நீலம், மேலே புதிய நீலம் என்று இரண்டடுக்காக வைத்தார்களாம். மின்செலவு சுமார் 15 சதவீதம் குறைந்ததாம். முழு வெற்றி என்று இதைச் சொல்ல முடியாது. பாதிக் கிணறுதான்.

நம்மவர் பங்கு

கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டார். அங்கே ரசாயனப் பிரிவினர் நீல ஒளி தரும் பொருள்களைச் செய்து, ஆராய்ச்சி இதழ்களில் எழுதி வருகிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட மூலப்பொருளின் பெயர் பினாந்த்ரோ இமிடசோல். (பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம்!)

இதில் வேலை என்ன தெரியுமா? மூலக்கூறு நீண்டால் நீலம் பச்சையாகிவிடும். ஆகவே நடுவில் ஒரு முறுக்கு வைக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டினால் வெளிச்சம் மங்கும். ஆகவே பக்கத்தில் பருத்த கைகள் வைக்க வேண்டும். தச்சர் மரத்தை இழைப்பது போன்ற பொறுமையான வேலை.

காரைக்குடியிலும் பெரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953 சனவரியில் மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. பேட்டரி ஆராய்ச்சியில் பெயர் பெற்ற இடம் அது.

அறிவுக்குப் பஞ்சம் இல்லை. பிறகு எங்கே தடுக்கிறது? திரைத் தொழிற்சாலையில்! நம் செல்போன் திரைகளில் பெரும்பகுதி சீனாவிலும் கொரியாவிலும் இருந்து வருகிறது. சிதம்பரத்தில் பிறக்கும் பொருளைத் திரையாக்கிப் பார்க்கப் பக்கத்தில் ஆலை இல்லை. கட்டுரையோடு நின்றுவிடுகிறது. 2021 டிசம்பரில் மத்திய அரசாங்கம் சில்லுகளுக்கும் திரைகளுக்குமாக 76,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. சில்லுகளைப் பற்றித்தான் பேச்சு அதிகம். திரையையும் அதே வேகத்தில் கவனித்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

அதுவரை வீட்டில் ஒன்று செய்யலாம். ஓலெட் திரையில் ஒரே படத்தை மணிக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். பின்னணி கறுப்பாக இருந்தால் அந்தப் புள்ளிகள் அணைந்தே கிடக்கும். நீலத்துக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.